பாடாங் செராயிலிருந்து முதல் வேலைக்கு: கோபம், கூச்சம், பயத்தைக் கையாள ஒரு முழு வழிகாட்டி

விடிவதற்கு முன்பே, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பாடாங் செராய், லூனாஸ் வட்டாரத்தில் பேக்டரி பஸ்கள் ஆள் ஏற்றத் தொடங்கிவிடுகின்றன. பல பஸ்கள் போய் நிற்பது 1996-இல் திறக்கப்பட்ட கூலிம் ஹைடெக் பார்க்கில். மற்ற பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி பேரங்காடிக் கௌண்டருக்கும், கிளினிக்குக்கும், பட்டர்வொர்த் அலுவலகங்களுக்கும் மோட்டாரில் போகிறார்கள். மெஷின் வேலையோ கௌண்டர் வேலையோ சில வாரத்தில் கைக்குப் பழகிவிடும். ஏச்சு, கேலி, "என்னை மட்டும்தான் இப்படி நடத்துகிறார்கள்" என்ற எண்ணம், இவை பழகத்தான் நாளாகும்.

தோட்டத்து வீடுகளில் நாம் படித்த மரியாதைக்கு மூன்று விதிகள் உண்டு. பெரியவர் பேசினால் எதிர்த்துப் பேசாதே. ஏசினால் தலைகுனிந்து நில். தெரியாததைக் கேட்டு மானத்தை வாங்காதே. கங்காணியும் (மேற்பார்வையாளர்) கிராணியும் (எழுத்தர்) வருகைக்குப் பேர் போட்ட காலத்தில் இந்த மௌனம் குடும்பத்தைக் காப்பாற்றியது. இன்றைய பேக்டரி லைனில் அதே மௌனத்துக்கு வேறு பொருள்: ஒன்று இவனுக்குப் புரியவில்லை, அல்லது முறைத்துக்கொண்டிருக்கிறான். மரியாதையை விடாமல் மௌனத்தை மட்டும் விடுவது எப்படி என்பதற்குத்தான் இந்த வழிகாட்டி.

எங்கே உதவும், எங்கே உதவாது

உணர்வுசார் நுண்ணறிவு என்ற கருத்தை 1990-இல் பீட்டர் சாலோவே, ஜான் மேயர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் வரையறுத்தார்கள். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூலுக்குப் பிறகு அது ஆபீஸ் பயிற்சிகளுக்குள் வந்தது. சாலோவேயும் மேயரும் பிற்பாடு அதை நான்கு திறன்களாகப் பிரித்தார்கள்: உணர்ச்சியைக் கண்டுகொள்வது, அதைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, எதனால் வந்தது, அடுத்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதைச் சமாளிப்பது. நான்கும் பழகினால் மேம்படக்கூடியவை.

"படிப்பைவிட இதுதான் முக்கியம்" என்று மோட்டிவேஷன் மேடைகளில் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2010-இல் டானா ஜோசப், டேனியல் நியூமன் இருவரும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, முகத்தையும் குரலையும் கட்டுப்படுத்தி ஆட்களோடு பழக வேண்டிய வேலைகளில்தான் இத்திறனின் பயன் தெளிவாகத் தெரிந்தது. கௌண்டர், தாதியர், வாடிக்கையாளர் சேவை போன்றவை அவை. அப்படி இல்லாத வேலைகளில் பயன் சொல்லும்படி இல்லை. ஆகவே மெஷின் மேனுவலைப் படிக்காதவரை எந்த மனப்பக்குவமும் காப்பாற்றாது. ஆனால் மெஷின் ஓட்டுபவருக்கும் லைன் லீடர் உண்டு, அடுத்த ஷிப்ட்டுக்கு ஒப்படைக்கும் நேரம் உண்டு. இந்த வழிகாட்டி அந்த இடங்களுக்கு.

வேலைக்குச் சேரும் முன்: ஒரு நோட்டு, அரை மணி நேரம்

பாக்கெட்டில் வைக்கும் அளவு நோட்டு ஒன்று வாங்குங்கள். போன் வேண்டாம், பல பேக்டரிகளில் உற்பத்திப் பகுதிக்குள் போனைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

முதல் பக்கத்தில், பள்ளியிலும் வீட்டிலும் உங்களைச் சட்டென்று கிளப்பிவிட்ட ஐந்து சந்தர்ப்பங்களை எழுதுங்கள். எல்லார் முன்னாலும் திட்டுவது, இன்னொருவரோடு ஒப்பிடுவது, நிறத்தையோ தோட்டத்தையோ சொல்லிக் கேலி செய்வது, பேசும்போது குறுக்கே வெட்டுவது, செய்யாத தவறைத் தலையில் கட்டுவது என்று எதுவாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உடம்பில் முதலில் என்ன நடக்கும் என்று குறியுங்கள். சிலருக்குக் காது சூடாகும், சிலருக்குத் தொண்டை அடைக்கும், சிலருக்குக் கை நடுங்கும். கோபம் வந்துவிட்டது என்று மனம் ஒப்புக்கொள்ளுமுன் உடம்பு சொல்லிவிடும். அந்த அடையாளம் தெரிந்தால் சில விநாடி முன்கூட்டியே விழித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் பக்கத்தில் "இப்படி நடந்தால், இதைச் செய்வேன்" என்ற வடிவில் மூன்று வரிகள் மட்டும். "எல்லார் முன்னாலும் ஏசினால், நோட்டை எடுத்து அவர் சொல்வதை எழுதுவேன்" என்பது போல. "பொறுமையாக இருப்பேன்" என்று எழுதினால் பயனில்லை. அது ஆசை, செயல் அல்ல. சந்தர்ப்பத்தையும் செயலையும் இப்படி முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள் எண்ணியதைச் செய்து முடிப்பது கூடுகிறது என்று ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டின. பத்து வரி எழுதினால் நெருக்கடியில் ஒன்றும் நினைவுக்கு வராது. மூன்று போதும்.

முதல் 30 நாள்: கேட்கக் கற்பது

சூப்பர்வைசர் ஒரு வேலையைக் காட்டிவிட்டு "பாஹாம்?" (புரிந்ததா?) என்பார். பாதி புரியாமலே "பாஹாம், பாஹாம்" என்று தலையாட்டுவதுதான் புது ஆட்கள் செய்யும் மிகப் பெரிய பிழை. காரணம் கூச்சம். விளைவு, இரண்டு மணி நேரம் கழித்து ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட்.

தலையாட்டுவதற்குப் பதிலாகத் திருப்பிச் சொல்லுங்கள். "முதல்ல ட்ரேயை ஸ்கேன் பண்ணணும், பச்சை லைட் வந்த பிறகுதான் கதவைத் திறக்கணும், சரிங்களாண்ணே?" தமிழ் அண்ணனிடம் இப்படி. மலாய் சீனியரிடம் "அபாங், போலே தோலோங் துஞ்சுக் செகாலி லாகி? ஸ்டெப் துவா சாஜா." (அண்ணே, இன்னொரு தடவை காட்ட முடியுமா? ரெண்டாவது ஸ்டெப் மட்டும்.) எந்தப் படி என்று குறிப்பிட்டுக் கேட்பதில்தான் சூட்சுமம். "ஒண்ணும் புரியல" என்றால் அவருக்கு எரிச்சல் வரும். "ரெண்டாவது ஸ்டெப் மட்டும்" என்றால் கவனித்திருக்கிறான் என்று தெரியும். அதே கேள்வியை மூன்றாம் முறை கேட்க நேர்ந்தால் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கேளுங்கள்.

ஒவ்வொரு நாளும் ஒருவர் பெயரையாவது படியுங்கள். கிளீனர் அக்கா, கார்டு, கேண்டீன் காக் (அக்கா) எல்லாரும் கணக்கில் சேர்த்திதான். பேக்டரியின் உண்மையான நிலவரம் அவர்களிடம்தான் இருக்கும்.

ஏச்சு வாங்கும்போது

பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான்.

ஏச்சு விழும்போது நாம் பழகிய வழி, முகத்தைக் கல்லாக்கி உள்ளே அடக்குவது. ஸ்டான்ஃபோர்டில் ஜேம்ஸ் கிராஸ் நடத்திய ஆய்வுகள் இந்த வழியின் கோளாறைக் காட்டின. வெளியே தெரியாமல் அடக்கினால் உள்ளே இருக்கும் கசப்பு குறைவதில்லை. உடம்பின் பதற்றம் கூடுகிறது. அதோடு, அடக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் காதில் விழுந்த விவரங்களும் சரியாக மனத்தில் பதிவதில்லை. பத்து நிமிடம் ஏச்சு வாங்கிய பையனிடம் "என்ன சொன்னாரு?" என்று கேட்டால் "ஏசினாரு" என்று மட்டும் சொல்வது இதனால்தான். திருத்த வேண்டிய விஷயம் காற்றில் போய்விடுகிறது, மறுநாள் அதே தவறு, மறுபடி ஏச்சு.

செய்ய வேண்டியது இது. உடம்பின் அடையாளம் தெரிந்த உடனே இரண்டு காலையும் தரையில் அழுத்தி நின்று, மூச்சை நான்கு எண்ணும்வரை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். யாருக்கும் தெரியாது. ஆறு முறை செய்தால் சரியாக ஒரு நிமிடம்.

அடுத்து, மனத்துக்குள் உணர்ச்சிக்குப் பெயர் வையுங்கள். எல்லாவற்றையும் "டென்ஷன்" என்று முடித்துவிடாதீர்கள். அவமானம் என்றால் ஓடி ஒளியத் தோன்றும், பயம் என்றால் யாரிடமாவது உறுதி கேட்கத் தோன்றும், கோபம் என்றால் திருப்பி அடிக்கத் தோன்றும், ஏமாற்றம் என்றால் வேலையையே விடத் தோன்றும். எது என்று தெரிந்தால், அடுத்து என்ன முட்டாள்தனம் செய்யப் போகிறோம் என்பதும் தெரியும். 2007-இல் கலிஃபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழு மூளைப் படம் எடுத்துப் பார்த்தபோது, உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது அபாயத்துக்குப் பதறும் மூளைப் பகுதியின் வேகம் தணிவதைக் கண்டது.

பிறகு நோட்டை எடுங்கள். அவர் வார்த்தைகளில் வசவை விட்டுவிட்டு வேலை சம்பந்தப்பட்டதை மட்டும் எழுதுங்கள். "கண்ணு தெரியலயா உனக்கு? லேபிள் தலைகீழா ஒட்டியிருக்க!" என்பதில் எழுத வேண்டியது "லேபிள் திசை" மட்டும். எழுதும் கை, கோபத்துக்கு ஒரு வேலை கொடுக்கிறது. ஏசுபவரும் கொஞ்சம் குரலைக் குறைப்பார்.

கடைசியில் ஒரே ஒரு கேள்வி. "இனிமே ஒட்டுறதுக்கு முன்னால யார்கிட்ட காட்டிட்டு ஒட்டணும்?" இது எதிர்த்துப் பேசுவதாகாது, தலைகுனிந்து நிற்பதும் ஆகாது. குற்றச்சாட்டு தவறாக இருந்தால்கூட அந்த இடத்தில் வழக்காட வேண்டாம். ஷிப்ட் முடிந்ததும் தனியாக: "அண்ணே, அந்த லாட் நான் வர்றதுக்கு முன்னால ஓடினது. ரெக்கார்டுல நேரம் இருக்கு, பார்த்துச் சொல்லுங்க." ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குரலை உயர்த்தாமல், ஒரே தடவை.

அழுகை வந்தால் வரட்டும். "அஞ்சு நிமிஷம் கொடுங்க, வந்து பேசுறேன்" என்று சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் லைனை விட்டுப் போவதுதான் குற்றமாகப் பதிவாகும். கிளீன் ரூம் உடையைக் கழற்றி மாட்டவே நேரம் பிடிக்கும் என்பதால் முதலில் லீடரிடம் மாற்று ஆள் கேளுங்கள்.

மறுநாள் காலை நடப்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனால் நேற்றைய தவறு இன்னும் ஒரு வாரம் பேசப்படும். வழக்கம்போல "பசியாறிட்டீங்களாண்ணே?" என்று கேட்டுவிட்டு, நேற்றுச் சொன்னதைத் திருத்தியிருப்பதைக் காட்டுங்கள். பெரும்பாலான சூப்பர்வைசர்கள் அதற்குள் மறந்திருப்பார்கள். நமக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கம் போயிருக்கும்.

இன்னொன்று, நம் பிள்ளைகளிடம் அதிகம் காண்பது: 24 மணி நேர நோட்டீஸ். ஏச்சு வாங்கிய மறுநாளே ராஜினாமா. ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் எழுதப்பட்டிருந்தால் அதுதான் செல்லும்; எழுதப்படாவிட்டால் 1955 வேலைச் சட்டப்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு 4 வாரம். நோட்டீஸ் கொடுக்காமல் போனால் அந்தக் காலத்துச் சம்பளத்தை நீங்கள் கொடுக்க நேரலாம். எழுதத் தோன்றினால் எழுதி, இரண்டு ஷிப்ட் தூங்கி எழுந்த பிறகு கொடுங்கள். நைட் ஷிப்ட் முடித்த காலையில் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

தவறு உங்களுடையது என்றால்

மூன்று வாக்கியம். என்ன நடந்தது, இப்போது என்ன செய்திருக்கிறேன், என்ன உதவி வேண்டும். "மிந்தா மாஃப், சாலா சாயா. லாட் இனி சாயா டா பெர்ஹெந்திகான். போலே செமாக் செகெஜாப்?" (மன்னிக்கணும், தவறு என்னுடையது. இந்த லாட்டை நிறுத்திட்டேன். கொஞ்சம் பார்க்க முடியுமா?) காரணங்களை அவர் கேட்டால் மட்டும் சொல்லுங்கள். பயத்தில் மறைத்த சின்னத் தவறு அடுத்த ஷிப்ட்டில் பெரிதாகும்போது, கேள்வி தவறைப் பற்றியதாக இருக்காது, உங்கள் நேர்மையைப் பற்றியதாகிவிடும்.

மூன்று மொழி, ஒரு மேசை

மலாய் சீனியர்களை அபாங், காக் என்றும், அதிகாரிகளை என்சிக் (ஆண்), புவான் (பெண்) என்றும் அழையுங்கள். சீன மேலாளர்களுக்கு மிஸ்டர், மேடம் போதும். டத்தோ போன்ற பட்டம் உள்ளவரைப் பட்டத்தோடு அழைக்காவிட்டால் சிலர் வெளியே சொல்லாமல் மனத்தில் வைத்துக்கொள்வார்கள்.

இரண்டு தமிழர் சேர்ந்தவுடன் தமிழில் பேசிச் சிரிப்பது இயல்பு. பக்கத்தில் நிற்கும் மூன்றாமவருக்கு அது தன்னைப் பற்றிய சிரிப்பாகவே கேட்கும். "சோரி, வீட்டுக் கதை" என்று மலாயில் ஒரு வரி சொன்னால் போதும். நோன்பு மாதத்தில் லைன் ஓரம் நின்று தின்னாமல் கேண்டீனுக்குப் போவது யாரும் கேட்காமலே செய்ய வேண்டியது. இன்னொரு பக்கம், உங்கள் நிறத்தையும் குடியையும் வைத்து வரும் "பகடி"க்கு முதல் முறை சிரித்துவிட்டால் அது வழக்கமாகிவிடும். சிரிக்காமல், கோபப்படாமல், "யாங் இத்து சாயா தா சுகா, பாங்" (அது எனக்குப் பிடிக்கல, அண்ணே) என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வேலையைத் தொடருங்கள். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் தேதியோடு நோட்டில் ஏறட்டும்.

வீடும் வேலையும்

பாதி மனஅழுத்தம் பேக்டரியிலிருந்து வருவதில்லை. 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). இ.பி.எப். (சேமநிதி) 11 விழுக்காடு, அதாவது 187 வெள்ளி போய், பெர்கேசோ (சமூகப் பாதுகாப்பு) பிடிப்பும் போனால் கைக்கு வருவது சுமார் 1,500. அம்மா நினைத்து வைத்திருப்பது 1,700; மோட்டார் தவணை, தம்பியின் டியூஷன் எல்லாம் அந்தக் கணக்கில்தான் நிற்கின்றன. முதல் சம்பளம் வருவதற்கு முன்பே சம்பளச் சீட்டின் கணக்கைக் காகிதத்தில் போட்டு, "அம்மா, வீட்டுக்கு மாசம் இவ்வளவு தர முடியும்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். முதல் மாதம் முழுதும் கொடுத்துவிட்டு மூன்றாம் மாதம் குறைத்தால் வருகிற மனத்தாங்கல் பெரிது.

ஓ.டி. கேட்டால் உடனே "ஆகட்டும்" வேண்டாம், உடனே "முடியாது"ம் வேண்டாம். "பஸ் பார்த்துட்டு பத்து நிமிஷத்துல சொல்றேன்" என்று சொல்லி, சொன்ன நேரத்தில் பதில் சொல்லுங்கள். முடியாதென்றால் மாற்று நாளைச் சேர்த்துச் சொல்லுங்கள்: "இன்னைக்கு இல்ல, சனிக்கிழமை வர்றேன்." சட்டப்படி ஓ.டி. மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. அந்த எல்லைக்கு வெகு முன்பே தூக்கமின்மை உங்கள் நாக்கைக் கூர்மையாக்கிவிடும்.

லீவு விஷயத்தில் நல்ல பெயரைக் கெடுப்பது திங்கட்கிழமை எம்.சி. (மருத்துவச் சான்று லீவு). முதல் இரண்டு ஆண்டில் வருடாந்தர லீவு குறைந்தது 8 நாள், எம்.சி. 14 நாள். சட்டம் கட்டாயமாக்கும் 11 பொது விடுமுறைகளில் 5 நிலையானவை; மற்றவற்றை முதலாளி தேர்ந்து அறிவிப்பார். தைப்பூசம் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஆண்டுத் தொடக்கத்திலேயே பாருங்கள். இல்லையென்றால், காவடி எடுப்பவர் இரண்டு மாதம் முன்பே லீவு எழுதிவிட வேண்டும். கடைசி வாரத்தில் கேட்டு மறுத்தால் அதை இனப் பிரச்சினையாகப் பார்க்கத் தோன்றும். பெரும்பாலும் அது வெறும் ஆள் பற்றாக்குறை.

வாட்ஸ்அப்

ஷிப்ட் குரூப்பில் கோபத்தோடு பதில் போடாதீர்கள், தனிச்செய்தியிலும் வாய்ஸ் வேண்டாம். குரலில் நடுக்கமும் எரிச்சலும் அப்படியே பதிவாகும். சூப்பர்வைசரைக் குறிவைத்து ஸ்டேட்டஸில் சாடை பேசுவது எல்லாவற்றையும்விட மோசம். அவர் பார்க்காவிட்டாலும் ஸ்கிரீன்ஷாட் போய்ச் சேரும்.

உறுதிப்படுத்தும் கடிதத்துக்கு முன்

நன்னடத்தைக் காலம் (புரொபேஷன்) வழக்கமாக 3 முதல் 6 மாதம். கடைசி வாரம்வரை காத்திருக்காமல், மாதம் ஒருமுறை லீடரிடம் ஐந்து நிமிடம் கேளுங்கள்: "நான் நிறுத்த வேண்டியது ஒண்ணு, தொடர வேண்டியது ஒண்ணு சொல்லுங்க." "எப்படி இருக்கேன்?" என்று கேட்டால் "ஓகே லா" என்றுதான் வரும். ஒன்று, ஒன்று என்று கேட்கும்போதுதான் அவர் யோசிப்பார். கேட்டதை எழுதி, அடுத்த மாதம் அதே பக்கத்தைத் திறந்து காட்டுங்கள்.

பொறுத்துக்கொள்ளக் கூடாதவை

மேலே சொன்ன எதுவும் கீழ்க்கண்டவற்றுக்குப் பொருந்தாது. தொடுவது, ஆபாசப் பேச்சு, ஆபாசப் படம் அனுப்புவது, சம்பளத்தைப் பிடித்து வைப்பது, அடிக்கக் கை ஓங்குவது. இங்கே மூச்சு எண்ணுவது பதற்றத்தைக் குறைக்க மட்டும்; சகிப்பதற்கு அல்ல. "நீ கொஞ்சம் அனுசரிச்சுப் போ" என்று அறிவுரை சொல்பவர் நல்லவராகவே இருக்கலாம், அறிவுரை தவறு.

நாள், நேரம், இடம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் யார் என ஐந்தையும் அன்றே எழுதுங்கள். செய்திகளை அழிக்காமல் பிரதி எடுங்கள். எச்.ஆர்.-இடம் வாயால் சொல்லாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தோ மின்னஞ்சல் பதிலோ வாங்குங்கள். 2023 முதல், பாலியல் தொல்லை குறித்த அறிவிப்பை முதலாளி வேலையிடத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். புகாரை விசாரிக்க மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் தனித் தீர்ப்பாயமும் இருக்கிறது. சம்பளப் பிரச்சினைக்கு ஜபாத்தான் தெனாகா கெர்ஜா (தொழிலாளர் துறை). மனம் தாங்காமல் போகும்போது சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555-ஐ அழைக்கலாம்.

காரணமில்லாமல் வேலையை விட்டு நீக்கினால், எச்.ஆர். நீட்டும் ராஜினாமாக் கடிதத்தில் அந்த மேசையிலேயே கையெழுத்துப் போடாதீர்கள். "வீட்டில் படித்துவிட்டு வருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு வாருங்கள். நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் மனுக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடு தாண்டினால் ஏற்கமாட்டார்கள்.